ஃபார்மேட் பண்ணிடு

பொன்னுதுரை, ரபியா என்கிற பிளாஸ்டிக் கயிற்றின் முடிச்சோடு வெகு நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் கணினிப் பெட்டியை வைத்து, தப்பியோடப் பார்க்கும் ஆட்டைக் கட்டுவதைப்போல நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கமலவேணி கடைக்குள் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் கத்தரிக்கோலை நீட்டியிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை காலையில், கடைக் கதவைத் தூக்கிய தோள்வலி ஆறுவதற்குள் மறுபடியும் எழ அவளுக்கு மனமில்லை. கடைசியில் அவர் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து, பெட்டியை விடுவித்து, மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தலைக்கவசத்தைக் கழற்ற மறந்திருந்தார்.

பெட்டியின் முகப்பில் மூன்று விரல் சந்தனமும் நடுவில் குங்குமமும் காய்ந்து உதிரும் பதத்தில் இருந்தன. வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜை, சனிக்கிழமை விஜயதசமி. இந்த வாரம் கடைக்கு வரப்போகும் பெட்டிகளில் பாதி இப்படித்தான் நெற்றி நிறைய வரும் என்று அவளுக்குத் தெரியும். அவள் மட்டும் என்ன, தன்னுடைய ஸ்க்ரூட்ரைவர்களையும் விண்டோஸ் சிடியையும் தாம்பாளத்தில் அடுக்கிப் பூஜையில் வைத்துவிட்டு இன்று காலைதான் எடுத்து வந்திருந்தாள். சிடியின் உறைக்குத்தான் பொட்டு. சிடிக்கே சந்தனம் வைத்த புண்ணியவான்களையும் அவள் பார்த்திருக்கிறாள்.

"பெட்டி ரோசாக் ஆயிடுச்சு, ஓடல," என்றார் பொன்னுதுரை. "கறுப்பா வந்து இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதுது. அப்புறம் ஒண்ணும் இல்ல. ஃபார்மேட் பண்ணிடு."

"உள்ள முக்கியமானது ஏதும் இருக்காண்ணே? படம், கணக்கு வழக்கு?"

"ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடு. சாயங்காலம் வர்றேன்."

சொல்லிவிட்டு அவர் பெட்டியை ஒரு முறை பார்த்தார். திரும்பி நடந்து, மோட்டாரை உதைத்து, காஜா பெராங் சாலையில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போய்விட்டார். நகராண்மைக் கழகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோவில் கூட்டங்களில் அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

கமலவேணிக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. ஃபார்மேட் என்பது வைத்தியருக்குப் பனடோல் மாத்திரை மாதிரி. நோய் என்னவென்று தேட வேண்டாம். வன்வட்டைச் சுத்தமாக வழித்துவிட்டு, விண்டோசைப் புதிதாக ஏற்றிவிட்டு, அது தன்பாட்டுக்கு ஓடும்போது காப்பி குடிக்கலாம், காலை நீட்டிக் கண்ணை மூடலாம். அவளுடைய கண்களுக்கு மூடிக்கொள்ள எந்தச் சாக்குக் கிடைத்தாலும் சரி. பத்து பிரண்டாம் என்கிற ஊரின் தொழிற்சாலையில் இருபது வருடங்கள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுகளில் பொருத்திக்கொண்டிருந்தவள் அவள். ஒரு நாள் மேலதிகாரிகள் வந்து இயந்திரங்களைச் சீனாவுக்குக் கப்பலேற்றப் போவதாகச் சொல்லி, எல்லாருக்கும் ஆளுக்கொரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேலை போனவர்களுக்கு அரசாங்கம் நடத்திய வகுப்பில் கணினி பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டாள். சலவைக்கடைக்குப் பக்கத்தில் இந்தக் குறுகிய அறையை வாடகைக்கு எடுத்தாள். புருஷன் தனபாலன் இன்னொரு தொழிற்சாலைக்கு இரவு பஸ் ஓட்டுகிறான். அவன் தூங்கப் போகும்போது அவள் கிளம்புவாள், அவள் திரும்பும்போது அவன் கிளம்புவான். வாசலில் சாவியை மாற்றிக்கொள்வதுதான் இப்போது அவர்களுடைய குடும்ப வாழ்க்கை.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருடத்தில் பிறந்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் ஆகஸ்ட் மாதம் வந்தால் ஆசிரியை அவளை எழுப்பி நிறுத்தி, நாட்டுக்கும் வேணிக்கும் ஒரே வயது என்று எல்லாரையும் கைதட்ட வைப்பார். நாடு இப்போதும் இளவட்டம் மாதிரி கோபுரம் கட்டிக்கொண்டும் பாலம் போட்டுக்கொண்டும் ஓடுகிறது. அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது.

பெட்டியை மேசைக்குத் தூக்கி, கடை மானிட்டரில் மாட்டி, விசையை அழுத்தினாள். பொன்னுதுரை சொன்னபடியே கறுப்புத்திரை வந்தது. விண்டோஸ் எழ முடியவில்லை என்றும் இன்ன கோப்பு காணவில்லை அல்லது கெட்டுவிட்டது என்றும் வெள்ளை எழுத்தில் சொல்லிவிட்டு நின்றது. ரெஜிஸ்ட்ரி கெட்டிருக்கிறது. இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, யாருக்கு எந்த அறை என்று கணினி தனக்குள் வைத்திருக்கும் ஞாபகம் அது. அது போய்விட்டால் சாமான்களெல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தாலும் பெட்டிக்குத் தன் வீடே தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது மின்சாரத்தைப் பிடுங்கினால் இப்படி ஆகும். பூஜை நேரத்தில் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சிடியை எடுத்தாள்.

அப்போதுதான் மீனாச்சி வந்தாள். பொன்னுதுரையின் மனைவி. கையில் பசார் கூடை, கக்கத்தில் குடை. கூடையில் ஒரே ஒரு பீர்க்கங்காய் கிடந்தது. வீட்டில் சொல்லிவிட்டு வந்த சாக்கு அது என்று பார்த்தாலே தெரிந்தது. வெயிலில் நடந்து வந்ததில் முகம் கருத்து, மூச்சு வாங்கியது. அவள் கமலவேணியைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த பெட்டியைத்தான் பார்த்தாள்.

"ஆரம்பிச்சிட்டியா?"

"இன்னும் இல்லக்கா. உக்காருங்க."

"அத அழிச்சிடாத வேணி. எம் மக உள்ள இருக்கு."

கமலவேணிக்குச் சட்டென்று புரியவில்லை. மீனாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். விஜயாவின் கதை காஜா பெராங்கில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். கிளேபாங்கில் இருக்கும் அத்தை மகனுக்குப் பேசி முடித்து, செமாபோக்கிலிருந்து புக்கிட் காதில் வரை பத்திரிகை வைத்து முடிந்த பிறகு, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று விஜயா சொல்லிவிட்டாள். வேறு யாரும் இல்லை, காதல் கீதல் இல்லை, வேண்டாம் அவ்வளவுதான். அதைத்தான் பொன்னுதுரையால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பத்திரிகை வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடியும் போய், கை கூப்பி, கல்யாணம் நின்றுவிட்டது என்று அவரே சொல்லிவிட்டு வந்தார். எல்லா வீட்டுக்கும் போய் முடித்தவர் நேரே குளியலறைக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அதோடு மகள் பேச்சை எடுக்கக்கூடாது என்றார். நர்ஸ் வேலையில் இருந்த விஜயா இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். வீட்டுக்குப் போன் வந்தால் எடுப்பது எப்போதும் அவர்தான். அவள் குரல் கேட்டதும் வைத்துவிடுவார். ஒரு தடவை மீனாச்சியின் மணிபர்சில் விஜயாவின் விடுதி நம்பரைப் பார்த்து, இவரே கூப்பிட்டு, அங்கே பத்துப் பேர் கேட்கும்படி கத்திவிட்டார். அதற்குப் பிறகு அவள் நம்பரை மாற்றிவிட்டாள். உன்னிடம் இருந்தால் அவரிடம் இருக்கிற மாதிரிதானம்மா என்று சொல்லி, அம்மாவுக்கும் தரவில்லை.

"ஆனா கெளம்புறதுக்கு முந்தின நாளு, அவரு இல்லாத நேரமாப் பாத்து வந்து, இதுல கேமராவும் மாட்டி, ஒண்ணு போட்டுக் குடுத்துச்சு. மஞ்சளா ஒரு சிரிச்ச மூஞ்சி இருக்கும். அத ரெண்டு தட்டு தட்டுனா எம் மக மூஞ்சியே வந்துரும். காலைல அவரு நடக்கப் போனதும் தட்டுவேன். அங்க அது வேல முடிஞ்சு ரூமுக்கு வந்திருக்கும். சாப்பிட்டியாம்பேன். சாப்பிட்டேங்கும். அவ்ளோதான்."

"உள்ள போற பேரு, பாஸ்வேர்ட் எல்லாம் தெரியுமாக்கா?"

"எனக்கென்ன தெரியும்? அதுவே எல்லாம் போட்டு வச்சிட்டு, நீ தட்டுனா போதும்மான்னுச்சு."

கமலவேணி கண்களைக் கசக்கிக்கொண்டாள். மஞ்சள் முகத்துக்குப் பின்னால் அந்தப் பெண் ஏற்றி வைத்த பெயரும் கடவுச்சொல்லும் இந்தப் பெட்டியின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. வழித்தால் அதுவும் போகும். புதிதாக ஏற்றிய பெட்டியில் மஞ்சள் முகத்தை மறுபடியும் வைத்துத் தரலாம். ஆனால் அது யார் நீ என்று கேட்கும், மீனாச்சிக்குப் பதில் தெரியாது.

"பூஜையன்னிக்கு என்னாச்சு?"

"அவரு பூவும் பொரியும் வாங்கப் போனாரு. நான் தட்டுனேன். பேசிக்கிட்டே இருந்தேனா, அடுப்புல கடலை அடிபிடிக்கிற வாட வந்துச்சு. இரும்மான்னுட்டு உள்ள ஓடுனேன். திரும்பி வந்து பாத்தா அவரு நிக்கறாரு. சுவத்துலேருந்து வயரு புடுங்கிக் கெடக்கு. பெட்டிக்குச் சந்தனம் வச்சிக்கிட்டிருக்காரு. நான் வந்தது தெரிஞ்சும் திரும்பல. ஒரு வார்த்த கேக்கல. இன்னிக்கு வரைக்கும் கேக்கல, வேணி. கேட்டுருந்தா நல்லாருக்கும். திட்டிருந்தாக்கூட நல்லாருக்கும்."

பூஜையில் வைத்த பெட்டியை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது. ஒரு பகலும் ஒரு இரவும் பூவும் சந்தனமுமாக அது கூடத்தில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே சமைத்ததாக மீனாச்சி சொன்னாள். சனிக்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது திரையில் கறுப்பு. இன்று காலை அவர் கயிற்றை எடுத்தபோதே தனக்குத் தெரிந்துவிட்டது என்றாள். "அந்தச் சிரிச்ச மூஞ்சிய மட்டும் விட்டுரு. மத்தத என்ன வேணா பண்ணு." எழுந்து, பீர்க்கங்காய்க் கூடையை மாட்டிக்கொண்டு, வெயிலுக்குள் போய்விட்டாள்.

கமலவேணிக்குக் கோபம் கோபமாக வந்தது. பொன்னுதுரைமேல் கொஞ்சம், மீனாச்சிமேல் கொஞ்சம், பெரும்பங்கு தன்மேல். யார் வீட்டுச் சண்டைக்கோ தன் முழங்காலும் கண்ணும்தானா கிடைத்தது? பெட்டியைக் கொண்டுவந்தவர் வழிக்கச் சொன்னார், வழித்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. மாறாக, ரெஜிஸ்ட்ரியை மீட்பது என்பது மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டிய வேலை. கறுப்புத்திரையில் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும், ஓர் எழுத்துப் பிசகினாலும் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று முகத்தில் அடிக்கும். இவ்வளவும் செய்து எழும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே அவள் சிடியைப் போட்டு, ஃபார்மேட்டுக்குப் போகும் வழியை விட்டுவிட்டு, பழுதுபார்க்கும் வழிக்கான விசையை அழுத்தியிருந்தாள். மீனாச்சிக்காகப் பாவப்பட்டாளா என்றால், ஆமாம், பாவப்பட்டாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்கிற இரண்டு வார்த்தைக்காக ஒரு பொம்பளை இந்த வெயிலில் ஒற்றைப் பீர்க்கங்காயோடு நடந்து வந்தால் வேறென்ன செய்வது?

முதலில் ரெஜிஸ்ட்ரியின் கெட்டுப்போன ஐந்து கோப்புகளையும் ஒதுக்குப்புறமாக நகலெடுத்து வைத்தாள். பிறகு அவற்றை நீக்கிவிட்டு, விண்டோஸ் ஏறிய முதல் நாளில் பத்திரப்படுத்தி வைத்த பழைய ஐந்தை அந்த இடத்தில் போட்டாள். பெட்டி எழுந்தது. ஆனால் பிறந்த குழந்தையாக எழுந்தது. பொன்னுதுரையைத் தெரியாது, மீனாச்சியைத் தெரியாது, மஞ்சள் முகத்தைத் தெரியாது. இது பாதி வழிதான். விண்டோஸ் அவ்வப்போது தன் ஞாபகத்தைத் தானே படியெடுத்து ஒரு பூட்டிய அடுக்கில் ஒளித்து வைக்கும். அந்த அடுக்கைத் திறக்க அனுமதி வாங்கி, உள்ளே தேதிவாரியாகக் கிடந்தவற்றில் கடைசியாக இருந்ததை எடுத்தாள். பூஜையன்று காலையில் எடுத்தது. அதன் நீள நீளமான பெயர்களை மாற்றி, மறுபடியும் கறுப்புத்திரைக்குப் போய், மறுபடியும் நீக்கி, மறுபடியும் போட்டு, விசையை அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

அதே கறுப்பு. அதே இரண்டு வரி.

வயரைப் பிடுங்கியபோது அந்தப் படியும் அடிபட்டிருக்க வேண்டும். கமலவேணி எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள். நோன்பு மாதம். எதிர்ப்புறம் சாயங்காலச் சந்தைக்காகக் கூடாரங்களை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள், கோழி வாட்டும் புகை அதற்குள் சாலையைத் தாண்டி வந்தது. பக்கத்தில் பலகாரம் விற்கும் அஞ்சலை, தலைமுறைகளாக மலாய் பேசும் பழைய தமிழர் குடியிருப்பான கம்போங் செட்டியைச் சேர்ந்தவள், கெபாயாச் சட்டையும் நெற்றிப் பொட்டுமாக உட்கார்ந்து தட்டுகளைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை இவளோடு கோவிலில் நின்று கும்பிட்டவள்தான், ஆனால் தமிழ் வராது. சாப்பிட்டாயா என்று மலாயில் கேட்டாள். இல்லை என்று கமலவேணி தலையாட்டியதும் வாழையிலையில் மடித்த இரண்டு பலகாரத்தை நீட்டினாள். நின்றுகொண்டே அதைத் தின்று, இலையைக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே வரும்போது, போதும், வழித்துவிடுவோம் என்றுதான் கமலவேணி முடிவு செய்திருந்தாள். உட்கார்ந்து சிடியையும் போட்டாள். வட்டைத் துடைக்கட்டுமா என்று கேட்கும் திரை வரைக்கும் போனாள். அங்கே நின்றாள். தொழிற்சாலையில் கம்பி பிசகினால் சில்லைத் தூக்கிக் கூடையில் எறிந்துவிடுவார்கள், இரண்டாவது தடவை முயற்சிக்க நேரமில்லை. இங்கே அவளை அவசரப்படுத்த மேற்பார்வையாளர் யாரும் இல்லை. பெருமூச்சு விட்டு, அந்தத் திரையிலிருந்து வெளியே வந்தாள்.

இரண்டாவது தடவை, பூஜைக்கு முந்தைய வாரத்தில் எடுத்த படி. பிறந்த குழந்தையாக எழுப்பி, பூட்டைத் திறந்து, பெயர் மாற்றி, நீக்கி, போட்டு, எல்லாம் முதலிலிருந்து. கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைத்துக்கொண்டே தட்டினாள். விசையை அழுத்தியபோது திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். நீலப் பின்னணியும் அந்த வரவேற்பு இசையும் வந்தன. இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று பொன்னுதுரை, அதற்குப் பக்கத்தில் சதுரங்கக் காய்களின் படம். இன்னொன்று அம்மா என்று ஆங்கில எழுத்தில், பக்கத்தில் மஞ்சள் வாத்துப் படம். மகள்தான் வைத்திருப்பாள். வாத்தைச் சொடுக்கினாள். மூலையில் சிரித்த முகம் இருந்தது. அதைத் திறந்தபோது ஒரு பெயரும், கீழே வரிசையாகக் கறுப்புப் புள்ளிகளும் தயாராக நின்றன. கடையின் தொலைபேசிக் கம்பியைச் செருகி உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். அடுத்தவர் வீட்டுக் கதவு திறக்கிறதா என்று பார்க்கலாம், திறந்து உள்ளே போகக்கூடாது. மூடினாள். பெட்டியை முறையாக நிறுத்தி, வயர்களைக் கழற்றி, அலமாரியில் ஏற்றி வைத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக மனம் லேசாக இருந்தது.

பொன்னுதுரை வந்தபோது சந்தையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு உடனே உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, கயிற்றைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பிறகு வந்தார்.

"ஃபார்மேட் பண்ணிட்டியா?"

கமலவேணி இதற்குத் தயாராகத்தான் இருந்தாள். இந்தப் பிடிவாதக்கார மனிதரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால், பெட்டி வீட்டுக்குப் போய்விடும், மீனாச்சி நாளைக் காலையில் தட்டிப் பார்த்துக்கொள்வாள்.

"பண்ணிட்டேண்ணே. எல்லாம் தொடச்சாச்சு."

"எல்லாமா?"

"உள்ள இருந்தது எல்லாமே."

அவர் தலையாட்டினார். பெட்டியை எடுக்கப் போகிறார் என்று நினைத்து அவள் அலமாரிப் பக்கம் நகர்ந்தாள். அவர் போகவில்லை. மீனாச்சி காலையில் உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்து, தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கை அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

"மத்தியானமே வந்துருக்கணும்," என்றார். "மோட்டார்ல ஏறி ஏறி எறங்கிட்டேன்."

கமலவேணி தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பூஜையன்னிக்குக் கடைக்குப் போயிட்டு வந்து, சாமி ரூமுல சந்தனத்த எடுத்துக்கிட்டுக் கூடத்துக்கு வர்றேன், பெட்டியில புள்ள மூஞ்சி தெரியுது. ஒடம்பு எளச்சுப் போயிருக்கு. கண்ணுக்குக் கீழ கறுப்பா. என்னப் பாத்துட்டு அப்பான்னுச்சு. ஒரே ஒரு தடவ. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல வேணி. பேசலாமா, எங்க பாத்துப் பேசணும், எத அமுக்கணும், ஒண்ணும் தெரியல. கையில சந்தனக் கிண்ணம் வேற. அவ அம்மா வர்ற சத்தம் கேட்டுச்சு. குனிஞ்சு வயரப் புடுங்கிட்டேன்."

வெளியே யாரோ கரும்புச்சாறு என்று மலாயில் கூவினார்கள்.

"பூஜையில வச்சத எப்படித் தொடுறது? மறுநாளு, மீனாச்சி குளிக்கப் போனப்ப, நானே சொருகிப் பாத்தேன். இருட்டிப்போச்சு. அந்தப் புள்ள என்ன நெனச்சிருக்கும்? அப்பான்னு கூப்புட்டுச்சு, அப்பன் வெளக்கணச்சிட்டான்னுதான நெனைக்கும்? ரெண்டு நாளு தூக்கம் இல்ல. கோவம் வந்துருச்சு. எம் மேலதான். இந்தப் பெட்டியே வேணாம், அழிஞ்சு தொலையட்டும்னு காலைல ஒங்கிட்ட சொல்லிட்டேன். கோவிலாண்ட போயி ஒக்காந்தா, அந்த மூஞ்சியேதான் வருது." தலைக்கவசத்தைத் திருப்பி வைத்தார். "சரி. ஆனது ஆச்சு. எடுத்துக் குடு."

கமலவேணி எழுந்து அலமாரி வரைக்கும் போனாள். இந்த மனிதரைக் கல் என்றுதான் அவள் நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள். கல்லின் தலையில் போடுவதாக நினைத்து அவள் போட்ட பொய், வேறு யார் தலையிலோ இறங்கியிருந்தது. சொன்னதைத் திருப்பி எடுப்பது அவ்வளவு சுலபமாகவும் இல்லை. ஒப்புக்கொண்டால் மீனாச்சி வந்து போனதும் தெரிந்துவிடும்.

"அண்ணே, நான் ஃபார்மேட் பண்ணல. பொய் சொன்னேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மீனாச்சி வந்தாளா?"

அவள் அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கி, குனிந்து வயரைத் தேடத் தொடங்கினாள். அவர் மறுபடியும் கேட்கவில்லை. எழுந்து வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக அதை மேசையில் வைத்தார்கள். திரை நீலமாகி, இரண்டு பெயர்களும் வந்தன. தன் பெயரைத் தாண்டி அவர் கண் வாத்துப் படத்துக்குப் போனது. அவள் அதைச் சொடுக்கினாள், தொலைபேசிக் கம்பியைச் செருகினாள்.

"அங்க இப்ப என்ன நேரம் இருக்கும்?"

"மத்தியானம் இருக்கும்ணே. வேலைக்குப் போயிருக்கலாம். வீட்டுலயும் இருக்கலாம். எனக்குத் தெரியல."

"மீனாச்சிக்கு ஒரு போன் போட்டு வரச் சொல்லிடலாமா?"

"இருக்கிற ஒரே லைன் இதுல இருக்குண்ணே."

மோடம் என்கிற சிறு பெட்டி கிறீச்சிட்டு, இரைந்து, மறுபடியும் கிறீச்சிட்டது. பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் அழைப்பு எழுந்தது. எதிரே சந்தையின் சத்தம் முழுவதும் ஒரேயடியாக அடங்கியது. பொன்னுதுரை ஸ்டூலைத் திரைக்கு நேரே இழுத்துப் போட்டார். தலைக்கவசம் அழுத்தியிருந்த முடியை இரண்டு உள்ளங்கைகளாலும் வாரிப் படிய வைத்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"இங்க கேமரா இல்லண்ணே," என்றாள் கமலவேணி மெதுவாக. "அது ஒங்க வீட்டுல இருக்கு. நீங்க எழுதலாம், விஜயா படிக்கும். ஒங்களப் பாக்க முடியாது."

"சரி, சரி," என்றார் அவர். பொத்தானைக் கழற்றவில்லை. கைகள் இரண்டையும் முழங்காலில் வைத்து, முதுகை நிமிர்த்தி, ஐசிக்கு, அடையாள அட்டைக்கு, படம் எடுக்க உட்கார்ந்தவரைப்போல, இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.